ஐந்தாம் வசனம்

ஆடக் கூடாது, அவ்வளவுதான் வேலை, இருபத்தைந்து நிமிஷம் ஆடாமல் படுத்திருப்பதற்கு எழுபத்து நாலு வயதில் ஒருத்திக்குப் பயிற்சியா வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பேர் எவ்வளவு நேர்த்தியாகப் படுத்திருக்கிறார்கள், சே, இந்த நினைப்பு வேண்டாம், இதை நினைத்துத்தான் போன வாரம் கெட்டது. கண்ணைத் திறக்கக் கூடாது. போன வாரம் திறந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை, முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம், தோளின் இரண்டு பக்கமும் சுவர், அவ்வளவுதான் பார்த்தேன், நாலாவது நிமிஷத்தில், ஆபத்துக்கென்று கையில் கொடுத்திருந்த ரப்பர் குமிழை அமுக்கிவிட்டேன், அமுக்கினேன் என்றால் ஒரு தடவை அல்ல, அந்த ஜன்னத் வந்து என்னை வெளியே இழுத்த பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஜன்னத் நல்ல பெண். மேலப்பாளையத்துக்காரி, முப்பது வயதிருக்கும், இந்த ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டுகிறவள். "விடுங்கம்மா, வெளிய வந்துட்டீங்க, விடுங்க" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இன்றைக்கு என்னைப் பார்த்ததும், "ஊக்கு ஏதும் இருக்காம்மா? இரும்பு எதுவும் உள்ள போகக் கூடாது" என்று மட்டும் கேட்டாள். நான் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற அவள் எண்ணிக்கொண்டே வந்து ஒன்பதில் வாயைப் பொத்திச் சிரித்தாள். பத்தாவதை ரவிக்கையின் உள்பக்கத்திலிருந்து என் தங்கை பியூலா எடுத்தாள். "எங்க அக்காவ பிரிச்சு மேய்ஞ்சா ஒரு ஊக்குக் கடையே வைக்கலாம்" என்றாள். இப்போது அந்தப் பத்து ஊக்கும், என் வளையல்களும், சங்கிலியும் பியூலாவின் கைக்குட்டை முடிச்சில் இருக்கும், அவள் வெளியே நாற்காலியில் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, சரியாகத் தெரியாத கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரும்பு இல்லை. ஒன்றும் இல்லை. ஒரு நீல அங்கியும் நானும்தான். பலகை நகர்கிறது. உள்ளே போகிறேன்.

வேதாகமத்தின் முதல் சங்கீதம் என்று டைம்டேபிளில் இருக்கிறது. டைம்டேபிள் பியூலா போட்டது. போன வாரம் தோற்று வீட்டுக்குப் போன அன்று அவள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இருவத்தஞ்சு நிமிசம்னு நெனச்சா பயமாத்தான் இருக்கும். பதினோரு சங்கீதம்னு நெனச்சுக்க. முடிஞ்சா வந்துரலாம்." சமையலறைக் கடிகாரத்தின் கீழே என்னை நிறுத்திச் சொல்லச் சொன்னாள், மெதுவாக, மனதுக்குள்ளேயே. கண் தெரியாததால் கடிகாரத்தை என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னாள், அதுதான் வேடிக்கை. ஒன்று, பதினாறு, இருபத்து மூன்று, இருபத்தேழு, முப்பத்து நாலு, நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, தொண்ணூற்றொன்று, நூற்று மூன்று, நூற்றுப் பதினெட்டு, கடைசியாக நூற்று இருபத்தொன்று, மலைகளைப் பார்க்கிற சங்கீதம், அதைச் சொல்லி முடித்தால் வெளியே வந்துவிடலாம். சரி. முதலாவது. ஆற்றங்கரையில் ஒரு மரம், இலை உதிராத மரம். ட்டக் ட்டக் ட்டக் என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டில் தளம் போடுகிறவர்கள் போலச் சத்தம், காதில் மாட்டிய கருவியைத் தாண்டி மண்டைக்குள் வருகிறது. மரம், எப்சிபா, மரத்தைப் பிடி. எப்சிபா நான். அப்பா வேதக்கோயில் உபதேசியார், இரண்டு பெண்களுக்கும் ஒரே வசனத்திலிருந்து பெயர் எடுத்துவிட்டார், எப்சிபா, பியூலா, மூன்றாவதாக ஒன்று பிறந்திருந்தால் அந்த வசனத்தில் மிச்சம் எதுவும் இல்லை. பியூலாவுக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கி இரண்டு வருஷமாகிறது. ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. எலுமிச்சம்பழம் அளவு எழுத்தென்றால் படிப்பாள். வேதத்தைப் போனில் போட்டுக் கேள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். "ஒருத்தன் படிக்கான். நாளைக்கு மழ பெய்யும்னு சொல்லுத மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்" என்றுவிட்டாள். அதனால் நான் எழுத ஆரம்பித்தேன். பெரிய டிராயிங் நோட்டில், கறுப்பு மார்க்கரில், பக்கத்துக்கு மூன்று வசனம். ஒன்றரை வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு சங்கீதம் முடித்தேன். அத்தோடு வலது கை மரத்துப்போயிற்று. அடுத்தது நூற்றுப் பத்தொன்பது, நூற்று எழுபத்தாறு வசனம், இருக்கிறதிலேயே நீளம். "அதுலேர்ந்து தப்பிக்கத்தான் உனக்குக் கை மரத்துப் போச்சு" என்றாள் பியூலா. எழுதாவிட்டால் பரவாயில்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை, அதுதான் அவள் மரியாதை. கழுத்தெலும்புக்குள் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், படம் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன், இதயம் இருக்கிற நிலையில் படத்துக்கு ஒரு தடவை, ஆப்பரேஷனுக்கு ஒரு தடவை என்று மயக்க மருந்தும் கொடுக்க மாட்டேன், தள்ளிப்போட்டால் விரல் திரும்பி வராது. ஆகவே ஆடக் கூடாது. மரம் முடிந்ததா? முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பதர் காற்றில் பறந்துவிட்டது.

குமிழ் எந்தக் கையில் இருக்கிறது? இடது கையில் ஒன்றும் இல்லை. இடது கை தொடையை ஒட்டிச் சும்மா கிடக்கிறது, விரலை அசைத்தால் அங்கியின் துணி படுகிறது. அப்படியானால் வலது கையிலா? எப்படிக் கொடுத்தாள், நினைத்துப் பார். ஜன்னத் என் பக்கத்தில் நின்றாள், "ரொம்ப முடியலைன்னா இத அமுக்குங்கம்மா" என்று நீட்டினாள், நான் வாங்கினேன். வலது கையால் வாங்கினேன். ஐயோ. எழுபத்து நாலு வருஷப் பழக்கம், ஒருவர் கொடுப்பதை இடது கையால் வாங்கக் கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லிக் கொடுத்தது, வாத்தியாரம்மா வேலையில் முப்பத்தொரு வருஷம் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. போன வாரம் ஜன்னத்தே இடது கைக்குள் திணித்துவிட்டிருந்தாள். இன்றைக்கு மரியாதையாக நீட்டினாள், நானும் மரியாதையாக வாங்கினேன், எந்தக் கைக்காகப் படம் எடுக்கிறார்களோ அந்தக் கையால். இப்போது அது கையில் இருக்கிறதா? தெரியவில்லை. பிடித்திருக்கிறேனா? தெரியவில்லை. விரல் மடங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அது நேற்றும் அப்படித்தான் இருந்தது, நேற்றுக் காப்பித் தம்ளரைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது தரையில் உருண்டது. அமுக்கிப் பார்க்கலாமா? அமுக்கினால், அது கையில் இருந்தால், மணி அடித்து எல்லாம் நின்றுவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்னொரு தடவை இதற்குள் வர என்னால் ஆகாது, அது எனக்குத் தெரியும். கையில் இல்லாவிட்டால்? அமுக்கி, ஒன்றும் நடக்காவிட்டால்? அதைத் தெரிந்துகொண்டு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இங்கே கிடப்பதா? நெஞ்சு ஒரு தடவை குதித்தது. வேர்க்கிறது, இந்தக் குளிரில் வேர்க்கிறது. கத்தலாம். சத்தம் ஓடும்போது கத்தினால் கேட்காது என்று போன வாரமே சொன்னாள். பதினாறாவது சங்கீதம், எப்சிபா. பதினாறு எப்படி ஆரம்பிக்கும்? என்னைக் காப்பாற்றும் என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் வரவில்லை. என்னைக் காப்பாற்றும், என்னைக் காப்பாற்றும். அந்த இரண்டு வார்த்தையிலேயே அந்தச் சங்கீதம் ஓடி முடிந்தது.

சத்தம் நின்றது. காதுக்குள் ஜன்னத்: "அம்மா, நல்லா இருக்கீங்களா? அசையாம சூப்பரா இருக்கீங்க. அடுத்தது அஞ்சு நிமிஷம்." இப்போது சொல்லிவிடலாம். குமிழ் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை மகளே, வந்து பாரு. அவள் வருவாள், பலகையை இழுப்பாள், எல்லாம் முதலிலிருந்து. அந்த நேரத்துக்குள் என்னவெல்லாம் ஓடுகிறது மனதில், பியூலா மடியில் வைத்திருக்கும் முடிச்சு, அவள் விரல் நூற்றுப் பதினெட்டின் கடைசிப் பக்கத்தைத் தடவிவிட்டு நோட்டை மூடியது, மூடி அலமாரியில் வைக்காமல் மேசையிலேயே விட்டது. "இருக்கேன்" என்றேன். அது நல்லாவா என்று அவளும் கேட்கவில்லை. கிர்ர்ர் என்று புதுச் சத்தம், இந்தத் தடவை மிக்சி. இருபத்து மூன்று. ஆடும் மேய்ப்பனும். இது தானாகவே வரும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், அதனாலேயே எனக்கு இதன் மேல் ஒரு சலிப்பு, எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குவது. கல்லூரியில் படித்த மூன்று வருஷத்தில் சங்கீதங்களைக் கவிதை என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வரியைச் சொல்லிவிட்டு, சரியாகக் கேட்காதவருக்காக அதையே வேறு வார்த்தையில் இன்னொரு முறை சொல்லுகிற அழகு, வரியின் முதல் பாதி கதவைத் தட்டுவது போலவும் இரண்டாம் பாதி திறப்பது போலவும் வருகிற ஓசை, இதையெல்லாம் விடுதி மாடியில் உட்கார்ந்து தோழிகளுக்கு விளக்கினேன். கவிதை என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி, நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. கோயிலுக்குப் போனேன், பாடினேன், பியானோ வாசிக்கிற பெண்ணைவிட நன்றாகவே பாடினேன், ஆனால் அந்த வசதியை விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு சங்கீதம் சொல்லச் சொன்னாள். தொண்ணூற்றொன்றைச் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே குரல் இறங்க வேண்டுமோ அங்கே இறக்கி, பக்கத்துக் கட்டில்காரிகூட எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லா சொல்லுத. யார்ட்ட சொல்லுத?"

யார்ட்ட சொல்லுத. இருபத்தாறு வருஷமாகிறது. ஏதோ முள் மாதிரி அல்ல, அம்மா முள்ளெல்லாம் வைக்கிறவள் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள், மார்க்கெட்டுக்கு யாருடன் போகிறாய் என்று கேட்பாளே, அப்படி. உன்கிட்டத்தான்ம்மா என்றேன். "எனக்குத்தான் இது தெரியுமே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் இட்லி வேண்டும் என்றாள், அதற்கு மறுநாள் இல்லை. இப்போது தொண்ணூற்றொன்று வந்துவிட்டதா, நடுவே இருபத்தேழும் முப்பத்து நாலும் நாற்பத்தாறும் எங்கே போயின, சொன்னேனா, சொன்ன மாதிரியும் இருக்கிறது, பூமி அசைந்தாலும் என்று ஒன்று வந்தது, அப்போது பலகை நிஜமாகவே அதிர்ந்தது, சிரிப்பு வந்து அடக்கினேன், சிரித்தால் கழுத்து ஆடும். ஐம்பத்தொன்று, பாவ அறிக்கை, அதை வேகமாகச் சொல்லிவிட்டேன், எப்போதும் அதை வேகமாகத்தான் சொல்வேன். தொண்ணூற்றொன்றில் இறகு வருகிறது. கோழி சிறகுக்குள் குஞ்சை வைத்துக்கொள்கிற மாதிரி. இந்தக் குழாய்க்குள் இறகைப் பற்றி நினைப்பது நல்லதா கெட்டதா? கோழியின் இறக்கைக்கு அடியிலும் இருட்டாக, நெருக்கமாகத்தான் இருக்கும். குஞ்சு அங்கே குமிழையா தேடுகிறது? சரி, இது பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும், இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது. மூச்சை எண்ணு. எண்ணாதே, எண்ணினால் தப்புகிறது. வலது கை. இருக்கிறதா? பதில் இல்லை. ஊருக்குப் போனவர்களுக்குப் போட்ட கடிதம் மாதிரி.

"அம்மா, பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கீங்கள்ல?" இருக்கேன் என்றேன். "இனி வாரது கொஞ்சம் பெரிய சத்தம். பயப்படாதீங்க. ஏழு நிமிஷம்." ஏழு! நூற்று மூன்று சுருக்கமாகப் போயிற்று, புல்லும் பூவும் காற்றும், அது என் வயதுக்காரர்களுக்கு எழுதினது. அடுத்து நூற்றுப் பதினெட்டு. இங்கேதான் மாட்டுவேன் என்று எனக்கு வீட்டிலேயே தெரியும். பியூலாவுக்கும் தெரியும், அதனால்தான் வேண்டுமென்றே சேர்த்தாள், கள்ளி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு. பதினோரு கிராமத்துச் சபைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு சங்கீத மனப்பாடப் போட்டி. பெரிய கோயிலில், பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து நிரம்பி வழிய, பீடத்தில் குருவானவரோடு இரண்டு நடுவர்கள். எனக்கு நூற்றுப் பதினெட்டு. பரிசு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, வெயில் பட்டு மேசையில் மின்னிக்கொண்டிருந்தது. இந்த நூற்றுப் பதினெட்டில் ஒரு வம்பு. இதன் முதல் வசனமும் நூற்று முப்பத்தாறின் முதல் வசனமும் ஒன்றேதான். தேவனைத் துதியுங்கள், அவர் நல்லவர், அவர் இரக்கம் ஓயாது, அந்தப் பொருளில் ஒரே வசனம். அதற்கப்புறம் பாதை பிரியும். பதினெட்டில் அந்த இரக்கம் நாலு தடவை வந்துவிட்டு, ஐந்தாம் வசனத்தில் ஒருவன் நெருக்கத்திலிருந்து கூப்பிடுவான். முப்பத்தாறிலோ வரிக்கு வரி, இருபத்தாறு தடவையும் அதே பல்லவிதான். நான் முதல் வசனத்தைச் சொன்னேன். தூக்குவாளியைப் பார்த்தேன். முப்பத்தாறின் பாதையில் போய்விட்டேன்.

போனது எனக்கே மூன்றாவது வரியில் தெரிந்துவிட்டது, ஆனால் திரும்பி வர வழி தெரியவில்லை, நின்றால் அழுதுவிடுவேன், ஆகவே வானத்தை உண்டாக்கினவர் என்றேன், பல்லவிக்காக வாயைத் திறந்தேன், எனக்கு முன்னால் கோயில் முழுவதும் பல்லவியைச் சொல்லிற்று. அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் கோயில்களில் அந்தச் சங்கீதத்தை அப்படித்தான் வாசிப்பார்கள், முன்னால் நிற்பவர் பாதி, சபை பாதி. பனையேறுகிற ஆண்களும், பிள்ளையை மடியில் போட்ட பெண்களும், போட்டி என்பதையே மறந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் சூரியன் என்றால் அவர்கள் இரக்கம். நான் நிலா என்றால் அவர்கள் இரக்கம். நடுவர்களில் ஒருவர் கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை. கடல் பிளந்தபோது பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. ஓகு என்ற ராஜாவின் பெயர் வந்ததும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஓ என்று கத்தினார்கள். கடைசி வரிக்கு ஆமென் சொல்லிக் குருவானவர் உட்படக் கும்பிட்டுவிட்டார்கள், பிறகுதான் அவருக்கு நினைவு வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தூக்குவாளி ராஜகனி என்ற இன்னொரு பிள்ளைக்குப் போயிற்று. அவள் நாலாவது சங்கீதத்தைப் பிசகில்லாமல் சொன்னாள், எட்டே வசனம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன். அதன் பிறகு சபைக்கு முன்னால் நின்று நான் எதையும் மனப்பாடமாகச் சொன்னதில்லை, புத்தகம் கையில் இருந்தால்தான். ஐந்தாம் வசனத்தை வாய்விட்டுச் சொன்னதே இல்லை, கை மரத்துப்போகுமுன் பியூலாவுக்காக எழுதினேன், எழுதும்போதுகூட வாயை மூடிக்கொண்டு எழுதினேன். போன வாரம் இதைச் சொல்லி, நான் அன்றைக்கே தோற்றவள்தான் என்றபோது பியூலா நாரெடுத்த அவரைக்காயை என் மேல் எறிந்தாள். "தோத்தியா? ஏட்டி அக்கா, அன்னைக்கு நான் விரல்விட்டு எண்ணிட்டு இருந்தேன். இருவத்தாறு தடவையும் ஊரே உனக்கு வழி சொல்லிச்சு. நீ அங்கங்க முழிச்ச. அடுத்த வரி வாரதுக்குள்ள அவங்க உன்னத் தூக்கிட்டுப் போனாங்க. உனக்குத் தூக்குவாளிதான் தெரிஞ்சுதா?"

டங் டங் டங் டங். பெரிய சத்தம் வந்துவிட்டது. பலகை, பல், கண்ணுக்குப் பின்னால் எல்லாம் டங் டங். முதல் வசனம் சொன்னேன். அவர் நல்லவர். இப்போது பதினெட்டின் பாதை, எப்சிபா, பதினெட்டு. வானத்தை உண்டாக்கினவர் என்று வந்துவிட்டது. போச்சு. திரும்பு. திரும்ப முடியவில்லை. அறுபத்திரண்டு வருஷம் கழித்தும் அதே முக்கில் அதே பக்கம் திரும்புகிறேன். மூச்சு மேலே மேலே போகிறது, கழுத்து ஆடப்போகிறது, கண் திறக்கப்போகிறது, வலது கைக்கு அமுக்கு என்று சொல்கிறேன், ஆமாம், சொல்லிவிட்டேன், படமும் வேண்டாம் நோட்டும் வேண்டாம், அமுக்கு, அமுக்கினேனா, ஒன்றும் நிற்கவில்லை, மணி இல்லை, ஜன்னத் இல்லை, டங் டங் டங் டங். நாலு அடி, ஒரு இடைவெளி. நாலு அடி, ஒரு இடைவெளி. வானத்தை உண்டாக்கினவர். டங் டங் டங் டங். பூமியைத் தண்ணீருக்கு மேல் விரித்தவர். டங் டங் டங் டங். அட. பதில் சொல்கிறது. என் முறை, அதன் முறை. சூரியன் என்றேன், பின்வரிசைப் பெண்கள் எல்லாம் மூக்குத்தியும் தாவணியுமாகச் சேர்ந்துகொண்டார்கள். நிலா என்றேன். கையை விட்டுவிட்டேன், இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். கடல் பிளந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வரிகள் வருகின்றன, வராத இடத்தில் டங் டங் என்று யாரோ வழியைச் சொல்கிறார்கள். ஓகு வந்தபோது மனதுக்குள் ஓ என்று கத்தினேன், எட்டு வயதுப் பியூலா முதல் வரிசையில் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். தாழ்ந்து கிடந்தவர்களை நினைத்தார் என்ற இடத்துக்கு வந்தேன். தாழ்ந்துதான் கிடக்கிறேன், மல்லாக்க. சோறு போடுகிறவர் என்றேன். இருபத்தாறு. சபை ஆமென் சொன்னது. அன்றைக்கு இங்கேதான் இறங்கி ஓடினேன். இன்றைக்கு இறங்க இடமில்லை, ஓடவும் முடியாது, ஆகையால் நின்றேன். நின்ற இடத்தில் ஐந்தாம் வசனம் இருந்தது. நெருக்கத்திலிருந்து உம்மைக் கூப்பிட்டேன் என்றேன். ஓசை பார்க்கவில்லை, எங்கே நிறுத்துவது என்று பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவரிடம் தண்ணீர் கேட்கிற மாதிரி, உதடு அசையாமல், உமக்குத் தெரியுமே, நெருக்கமாக இருக்கிறது. அதன் இரண்டாம் பாதியில் விசாலம் என்று ஒரு சொல் வரும். அதை நான் சொல்லவில்லை. என் வேலை முதல் பாதிதான் என்று பட்டது. கண்ணை மூடியபடியே கிடந்தேன். டங் டங் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் கதவுகள் ஒன்பதும் திறந்திருந்தன, வெளியே பனங்காடு, அதற்கும் அப்பால் தேரிக்காட்டுச் செம்மணல், மூச்சு அங்கே வரை போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. நூற்று இருபத்தொன்று சொல்ல மறந்துபோனேன்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள் ஜன்னத். நிஜமான குரல், காதுக்கருவியில் இல்லை. வெளிச்சம் இமைக்கு மேல் சிவப்பாக விழுந்தது. "படம் அவ்வளவு தெளிவா வந்திருக்கு. தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்." முகத்துக் கூண்டை எடுத்துவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தவள், சட்டென்று நின்றாள். "இது எப்பம்மா விழுந்துச்சு?" பலகையின் ஓரத்தில், ஒயரின் நுனியில், அந்த ரப்பர் குமிழ் தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. "உள்ள போகும்போதே விழுந்துட்டு போல. ஐயோ, இத விட்டுட்டா முழு நேரமும் கிடந்தீங்க? பயமா இல்லையா?" பயமாகத்தான் இருந்தது என்றேன். "பின்ன எப்படிம்மா?" பதினோரு சங்கீதம் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அது பொய், ஆறுகூடத் தேறாது. "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றேன். அவள் ஒயரை இழுத்துக் குமிழைக் கையில் எடுத்தாள். "நானும் பிரசவத்துக்குப் போனப்போ அப்படித்தாம்மா" என்றாள், குமிழைத் துடைத்து மாட்டினாள்.

பியூலா கதவுச் சத்தம் கேட்டு எழுந்து, வருவது நானா வேறு யாருமா என்று தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். கைக்குட்டை முடிச்சு இரண்டு கைக்குள்ளும் இருந்தது. "என்னாச்சு?" "எடுத்தாச்சு." "முழுசா?" "முழுசா." பெருமூச்சுவிட்டாள், உடனே அதை மறைக்கக் கேட்டாள்: "எத்தனாவது சங்கீதம் வரைக்கும் போன?" "நூத்திப் பதினெட்டு. அஞ்சாம் வசனம்." "அதுக்கு மேல?" "அதுக்கு மேல போகல." சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை, மூக்கை உறிஞ்சினாள். "வழி தப்பினியா?" "தப்பினேன்." "எண்ணினியா?" "நீதான எண்ணுவ." அப்புறம் சிரித்தாள், வரவேற்பு மேசைப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள், நான் இடது கையால் வாங்கினேன், அவளுக்கு அது தெரிந்ததோ இல்லையோ. பத்தையும் குத்தி முடித்தோம். "போற வழியில கடைல நிறுத்தச் சொல்லி ஆட்டோக்காரர்ட்ட சொல்லியிருக்கேன். டிராயிங் நோட்டு நாலு வேணும். நூத்தி எழுபத்தாறு வசனம், பக்கத்துக்கு மூணு, நீயே கணக்குப் போட்டுக்க." "ஆப்பரேசன் முடியட்டும்ட்டி." "முடியட்டும். நோட்டு அது வரைக்கும் சும்மா கிடக்கட்டும், என்ன இப்போ?" வாசலுக்கு வெளியே படிக்கட்டு. படி அவளுக்குத் தெரியாது, ஆகையால் எப்போதும் என் வலது பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். இறங்கினோம். வெயில் கண்ணை நிறைத்தது, தெருவும் வேப்பமரமும் ஆட்டோக்களும் வானமும் ஒரே அகலமாகக் கிடந்தன. பாதிப் படியில், அவள் என்னைப் பிடித்திருக்கிறாளா என்று ஒரு சந்தேகம், என் கை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். ஐந்து விரலும் என் விரல்களுக்குள் கோத்து, நகம் வெளுக்கும் அளவுக்கு, அவள் பிடித்திருந்தாள்.